மண்ணுக்கு வண்ணம், மேலுலகுக்குக் கறுப்பு-வெள்ளை: மூன்று சுருள் டெக்னிக்கலர், ஓர் எளிய அறிமுகம்

1946 நவம்பர் 1 அன்று லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள எம்பயர் திரையரங்கில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் ஒரு படம் பார்த்தார்கள். அரச குடும்பத்துக்கான சிறப்புத் திரையிடல் என்ற வழக்கமே அந்தப் படத்தோடுதான் தொடங்கியது. படம், 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்'. எழுதி, தயாரித்து, இயக்கியவர்கள் மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும். அமெரிக்காவில் அது 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்ற பெயரில் வெளியானது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1945 மே 2 இரவு. எரிந்துகொண்டிருக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பீட்டர் கார்ட்டர் என்ற விமானி (டேவிட் நிவன்) தனியாக இருக்கிறான். பாராசூட் கிழிந்துபோயிருக்கிறது. வயர்லெஸ்ஸில் ஜூன் (கிம் ஹன்டர்) என்ற அமெரிக்கப் பெண்ணோடு சில நிமிடங்கள் பேசிவிட்டு வெறும் உடலாகக் குதிக்கிறான். செத்திருக்க வேண்டியவன் கடற்கரையில் கண் விழிக்கிறான். அவனை மேலே அழைத்துப்போக வந்த தூதன், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டுண்ட ஒரு பிரபு, இங்கிலாந்துப் பனிமூட்டத்தில் அவனைத் தவறவிட்டுவிட்டான். தூதன் தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் பீட்டரும் ஜூனும் காதலிக்கத் தொடங்கிவிட்டார்கள். தவறு உங்களுடையது, என்னை இங்கேயே விடுங்கள் என்று பீட்டர் மேல்முறையீடு செய்கிறான். மேலே வழக்கு நடக்கும் அதே நேரத்தில் கீழே அவனுக்கு மூளை அறுவைச் சிகிச்சை நடக்கிறது.

முதன்முறை பார்ப்பவர்களை நிமிர்ந்து உட்காரவைப்பது படத்தின் நிறம். பூமி முழு வண்ணத்தில் இருக்கிறது. மேலுலகம் கறுப்பு-வெள்ளையில் இருக்கிறது. மாயாஜாலப் படம் என்றால் இதற்கு நேர்மாறாகத்தானே எதிர்பார்ப்போம்? 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் அப்படித்தான்: ஊர் பழுப்பு, கனவுலகம் வண்ணம். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபும் சொர்க்கம்தான் வண்ணத்தில் வரும் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால்தான் மாற்றுகிறேன் என்று பவல் பதில் சொன்னதாகக் கார்டிஃப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்தத் தலைகீழ் யோசனை திரையில் எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள டெக்னிக்கலர் என்ற வண்ணப்பட முறை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் படத்தின் காதலும் இன்னும் ஆழமாகப் புரியும். ஏனென்றால் 'வாழ்க்கை மேலானது' என்ற வாதத்தை இந்தப் படம் வசனத்தைவிடச் சாயத்தில்தான் முன்வைக்கிறது.

கேமராவுக்குள் நடப்பது

வண்ண நெகட்டிவ் என்று ஒன்று டெக்னிக்கலர் கேமராவுக்குள் கிடையாது. உள்ளே ஓடியவை மூன்று சுருள்கள், மூன்றும் கறுப்பு-வெள்ளை. ஒவ்வொன்றும் ஒரு நிறத்தின் அளவை மட்டும் பதிவுசெய்தது: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

லென்ஸைத் தாண்டியதும் ஒளி ஒரு கண்ணாடிக் கனசதுரத்துக்குள் நுழைகிறது. இரண்டு முப்பட்டகங்களை ஒட்டிச் செய்த கனசதுரம் அது. ஒட்டிய இடத்தில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பகுதியை நேராகப் போகவிடும், மீதியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். நேராகப் போவது பச்சை வடிகட்டி வழியாக ஒரு சுருளில் விழுகிறது. பக்கவாட்டில் திரும்புவது சிவப்பையும் நீலத்தையும் மட்டும் விடும் வடிகட்டியைக் கடந்து, முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களில் விழுகிறது. முன்னால் இருக்கும் சுருளுக்கு நீலம் மட்டுமே தெரியும். அதன் மேல் இருக்கும் சிவப்புச் சாயப் படலம் மிச்ச நீலத்தைத் தடுத்துவிடும். ஆகவே பின்னால் இருக்கும் சுருளுக்குச் சிவப்பு மட்டும் போய்ச் சேரும்.

இந்த அமைப்பில் பிரச்சினைகள் பல. முதலாவது வெளிச்சம். ஒளியை மூன்றாகப் பங்கிட்டு, வடிகட்டிகளிலும் இழந்த பிறகு ஒவ்வொரு சுருளுக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் அரங்கில் கார்பன் ஆர்க் விளக்குகளை வரிசையாக நிறுத்தி, கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் போடவேண்டும். சூடும் புகையும் அதோடு வரும். இரண்டாவது, சிவப்புப் பதிவு மற்ற இரண்டைவிடச் சற்று மங்கலாக இருக்கும். ஒளி முன் சுருளைத் துளைத்துக்கொண்டு போவதால் வழியில் சிதறுகிறது. மூன்றாவது, லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் இடையில் அந்தக் கனசதுரம் உட்கார இடம் வேண்டும். அதனால் அகலக் கோண லென்ஸ் செய்வது கடினம். கடைசியாகச் செலவு. 35 மில்லிமீட்டர் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 104 நிமிடப் படத்துக்குச் சுமார் 9,400 அடி. முழுக்க வண்ணம் என்றால் வெட்டி முடித்த நெகட்டிவ் மட்டும் 28,000 அடியைத் தாண்டிவிடும். எடுத்து வீசியது தனி.

கேமராவை விலைக்கு வாங்கவும் முடியாது. டெக்னிக்கலர் நிறுவனம் வாடகைக்குத்தான் தரும், தன் ஆட்களையும் நிற ஆலோசகரையும் கூடவே அனுப்பும். போர்க்கால பிரிட்டனில் அத்தகைய கேமராக்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அவை கிடைக்கும்வரை பவலும் பிரஸ்பர்கரும் சும்மா இருக்கவில்லை. கறுப்பு-வெள்ளையில் வேறொரு படத்தை எடுத்து முடித்தார்கள். பிறகு 1945 செப்டம்பரில் டெனம் ஸ்டுடியோவில் இந்தப் படத்தின் வேலை தொடங்கியது. ரேஷனில் துணியும் சோறும் வாங்கிக்கொண்டிருந்த மக்களுக்குத் திரையில் வண்ணம் என்பதே எவ்வளவு அரிய பொருள் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பூமிக்கு வண்ணம் கொடுத்தது அந்தப் பார்வையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையும்.

லேபில் நடப்பது

நிறம் உண்மையில் பிறப்பது இங்கேதான். மூன்று நெகட்டிவிலிருந்தும் மூன்று 'மேட்ரிக்ஸ்' சுருள்கள் தயாராகும். மேட்ரிக்ஸ் என்பது ஜெலட்டினில் மேடுபள்ளமாக அமைந்த படம். ஒளி பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகும். படாத இடத்தை வெந்நீர் கரைத்துக்கொண்டு போய்விடும். நெகட்டிவில் ஒளியும் நிழலும் தலைகீழாக இருப்பதால், காட்சியில் நிழல் விழும் இடத்தில் மேடு உயரமாக இருக்கும், வெளிச்சமான இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது.

அந்த மேட்ரிக்ஸைச் சாயத்தில் நனைப்பார்கள். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு சாயத்தை உறிஞ்சும். சிவப்புப் பதிவுக்கு அதன் எதிர்நிறமான நீலப்பச்சைச் சாயம், பச்சைப் பதிவுக்கு மெஜந்தா, நீலப் பதிவுக்கு மஞ்சள். எதிர்நிறம் ஏன்? சிவப்பு குறைவாக இருந்த இடத்தில்தான் மேடு உயரமாக இருக்கும். அங்கே திரையில் சிவப்பொளியைத் தடுக்க வேண்டும். சிவப்பொளியைத் தடுக்கும் சாயம் நீலப்பச்சை. மற்ற இரண்டுக்கும் இதே கணக்குதான்.

பிறகு வெறும் சுருள் ஒன்றின் மேல் மூன்று மேட்ரிக்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அழுத்துவார்கள். சாயம் அதில் இறங்கும். திரையரங்குக்குப் போகும் பிரதி அதுதான். சிவகாசியில் காலண்டர் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு, எல்லாம் ஒரே இடத்தில் விழவேண்டும், ரெஜிஸ்டர் (நிறங்களின் பொருத்தம்) தப்பினால் அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். காலண்டருக்கு ஒரு தாள் போனால் போகட்டும் என்று விடலாம். இங்கே நொடிக்கு 24 படம், ஒவ்வொன்றும் திரையில் பல நூறு மடங்கு பெருக்கிக் காட்டப்படும். அதனால் பற்சக்கரத் துளைகளில் ஊசிகளைப் பொருத்திப் பிடித்துக்கொள்ளும் உலோகப் பட்டையில்தான் இரு சுருள்களையும் சேர்த்து ஓட்டுவார்கள்.

நமக்கு இதில் சிறு தொடர்பு உண்டு. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவா கலர் என்ற ஒரே சுருள் வண்ண நெகட்டிவில் படமாகி, டெக்னிக்கலர் பிரதிகளாக வெளியானது. அதாவது கேமரா முறை வேறு. ஆனால் திரையரங்குப் பிரதியில் இறங்கியது இதே வகைச் சாயம்தான். டெக்னிக்கலர் என்ற பெயர் கேமராவையும் குறிக்கும், அச்சு முறையையும் குறிக்கும் என்பதால் பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மேலுலகத்தின் சாம்பல் நிறம்

படத்தின் தொடக்க எழுத்துகளில் 'வண்ணமும் சாய-ஒற்றைநிறமும், டெக்னிக்கலர் முறையில்' என்ற பொருளில் ஒரு வரி வரும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் வரி. மேலுலகக் காட்சிகளின் தனித்தன்மை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

சாதாரணக் கறுப்பு-வெள்ளைப் பிரதியில் படத்தை உருவாக்குவது வெள்ளித் துகள்கள். மேலுலகக் காட்சிகளின் பிரதியில் படத்தை உருவாக்குவது சாயம். மூன்று மேட்ரிக்ஸிலும் ஒரே படத்தை ஏற்றி மூன்று சாயங்களையும் சரிசமமாக இறக்கினால், அவை ஒன்றையொன்று ஈடுகட்டிச் சாம்பலாகத் தெரியும். வெள்ளித் துகள் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் திரையில் கறுப்பு-வெள்ளை முரண் கூர்மையாக நிற்கும். சாயம் ஒளியைச் சிதறடிக்காமல் வடிகட்டி அனுப்பும். ஆகவே மேலுலகம் மிருதுவாக, முத்தின் மேல் ஓடும் மினுமினுப்போடு தெரிகிறது. பழைய செய்திப்படத்தின் கறுப்பு-வெள்ளையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அழகுக்கு மட்டுமல்ல, வசதிக்காகவும் இது தேவைப்பட்டது. இந்தப் படத்தில் இரண்டு உலகங்களும் மாறிமாறி வருகின்றன. வெள்ளிப் பிரதித் துண்டையும் சாயப் பிரதித் துண்டையும் மாற்றிமாற்றி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் மங்கல், துள்ளல், வெளிச்ச மாற்றம் என்று தொல்லை வரும். எல்லாமே சாயம் என்றால் ஒரே சுருளில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் உலகம் மாறலாம்.

நடுக்காட்சியிலேயே மாறவும் முடியும். இதற்காகத்தான் அத்தனை பாடும். ஒரு காட்சி சாம்பலில் தொடங்கி வண்ணத்தில் முடிய வேண்டுமானால் அதை மூன்று சுருள் கேமராவில்தான் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் கடைசியில் தேவைப்படும் நிறம் முதல் ஃபிரேமிலிருந்தே நெகட்டிவில் இருக்க வேண்டும். பின்பு அச்சிடும்போது, தொடக்கத்தில் மூன்று மேட்ரிக்ஸிலும் ஒரே பதிவு. மெல்ல மெல்ல ஒவ்வொன்றும் அதனதன் நிறப் பதிவுக்கு மாற்றம். அதன் தத்துவம் இவ்வளவே. ஒரு நிறம் மற்றதைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டால் முகம் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ தாவிவிடும், கண் உடனே பிடித்துவிடும்.

படத்தில் இதற்கான சிறந்த இடம், தூதன் முதன்முறை பூமியில் வந்து இறங்கும் காட்சி. அவன் கோட்டில் செருகியிருக்கும் ரோஜா திரையில் பெரிதாக இருக்கிறது, சாம்பலாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் சிவப்பு ஊறுகிறது. பிறகு அவன் முகம், சுற்றிலும் பூத்துக் குலுங்கும் ரோடோடெண்ட்ரான் புதர்கள். மாரியஸ் கோரிங் நடித்த அந்தப் பிரபு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேலே டெக்னிக்கலருக்குப் பட்டினி கிடக்கிறோம் என்கிறான். சிரிப்பு வரும் வசனம். ஆனால் வழக்கின் தீர்ப்பு அங்கேயே பாதி எழுதப்பட்டுவிட்டது. இறந்தவர்களுக்கே ஏக்கம் தருகிற ஒன்று இங்கே இருக்கிறது. பின்னால் ஜூனின் கண்ணீர்த்துளியைச் சாட்சியமாக ஏந்திக்கொண்டு போவதும் ஒரு ரோஜாதான்.

இரண்டாவது இடம் அறுவைச் சிகிச்சை அறை. பீட்டருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கேமரா அவன் கண்ணுக்குள் இருந்து பார்க்கிறது. மேலே விளக்கு, சுற்றிலும் முகமூடி முகங்கள். ராட்சத இமை ஒன்று, முடிகளோடு, இறங்கித் திரையை மூடுகிறது. இமைக்குப் பின்னால் முதலில் இருப்பது உயிருள்ள உடலின் நிறம். அது வடிந்து மேலுலகம் வருகிறது. அந்த உலகம் அவன் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று படம் இதைவிடத் தெளிவாக எங்கும் சொல்லவில்லை. தூதன் வரும்போதெல்லாம் பீட்டருக்கு வறுத்த வெங்காய வாசனை வருவதையும், அதை வைத்து டாக்டர் ரீவ்ஸ் (ராஜர் லிவ்ஸி) மூளைக் காயத்தைக் கண்டுபிடிப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேலே நீதிபதியாகவும் கீழே அறுவை மருத்துவராகவும் நடித்தவர் ஒருவரே, ஆபிரகாம் சோஃபயர்.

நிறம் இல்லாமல் செய்த தந்திரங்களும் உண்டு

எல்லாம் லேப் வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. பீட்டர் கரை ஒதுங்கும் காட்சி டெவனில் உள்ள சான்டன் கடற்கரையில் எடுக்கப்பட்டது. மூட்டத்திலிருந்து காட்சி மெல்லத் தெளிய வேண்டும் என்று பவல் கேட்க, கார்டிஃப் லென்ஸ் மேல் தன் மூச்சை ஊதினார். ஆவி படிந்து, ஓரிரு நொடியில் விலகியது. படத்தில் இருப்பது அந்த மூச்சுத்தான். எந்த அச்சு வேலையும் அதற்குத் தேவைப்படவில்லை.

இரண்டு உலகங்களையும் இணைக்கும் நகரும் படிக்கட்டும் கையால் பிடிக்கக்கூடிய இரும்பு. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தின் பொறியியல் துணையோடு செய்தது. 106 படிகள், ஒவ்வொன்றும் 20 அடி அகலம், 12 குதிரைசக்தி மோட்டார், மூன்று மாத வேலை, 3,000 பவுண்டு செலவு. 'எத்தல்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஓடினால் எழுந்த இரைச்சலில் வசனத்தை அங்கேயே பதிவுசெய்ய முடியாமல் பின்னர் தனியாகப் பதிவுசெய்தார்கள். தொலைவில் வானத்துக்குள் மறையும் மேல்பகுதி சிறு மாதிரி; கேமராவுக்கு அருகில் தொங்கவிட்டு உண்மைப் படிகளோடு கண்ணுக்குப் பொருந்தவைத்தது. கலை இயக்கம் ஆல்ஃப்ரெட் யுங்கே.

80 ஆண்டு கழித்து எது கெடும், எது நிலைக்கும்

1950களில் வந்த ஈஸ்ட்மென் கலர் வகை நெகட்டிவில் மூன்று நிறமும் ஒரே சுருளில் அடுக்கடுக்காக இருக்கும். வேலை எளிது, ஆனால் அந்தச் சாயம் காலப்போக்கில் மங்கும். நீலப்பச்சை முதலில் போவதால், நம் பழைய ஈஸ்ட்மென் கலர் பிரதிகள் பல ரோஜா நிறமாகச் சிவந்து கிடக்கின்றன. மூன்று சுருள் முறைக்கு அந்தக் கவலை இல்லை. நெகட்டிவ் மூன்றும் கறுப்பு-வெள்ளை, வெள்ளியால் ஆனவை. மங்குவதற்கு அவற்றில் நிறமே கிடையாது.

வேறொரு வியாதி வரும். சுருள்கள் வறண்டு சுருங்கும், அதுவும் மூன்றும் ஒரே அளவில் சுருங்காது. ஒன்று மற்றதைவிட 0.1 சதவீதம் கூடுதலாகச் சுருங்கினால், 10 மீட்டர் அகலத் திரையில் 1 சென்டிமீட்டர் வித்தியாசம். நடுவில் பொருத்திவைத்தாலும் இரு ஓரங்களிலும் அரை சென்டிமீட்டர் விலகி, ஆட்களைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக விளிம்பு தெரியும். பழைய வீடியோ பதிப்புகளில் டெக்னிக்கலர் படங்கள் கலங்கலாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். இன்று மூன்று நெகட்டிவையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கணினியில் இழுத்தும் வளைத்தும் பொருத்துகிறார்கள். இந்தப் படத்துக்கு 2017இல் 4கே தரத்தில் அப்படியொரு மறுசீரமைப்பு நடந்தது. பார்ப்பதென்றால் அதைத் தேடிப் பாருங்கள்.

வீட்டில் பார்க்கிறவர்கள் தொலைக்காட்சியின் 'விவிட்' நிலையை அணைத்துவிடுங்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நிலை போதும். நிறத்தைத் தூக்கிக்காட்டும் அமைப்பு, மேலுலகச் சாம்பலில் இருக்கும் இம்மியளவு சாயலையும் ஊதிப் பெருக்கி நீலமோ பச்சையோ ஆக்கிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். நிறம் ஊறும் இடங்களில் இடைச்செருகல் ஃபிரேம்கள் நுழைந்து அந்த மாற்றத்தைப் பிசிறடிக்கும். சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ரோஜாக் காட்சியே போதும். நிறம் ஏறி முடிந்ததும் சிவப்பும் பச்சையும் இயல்பாகத் தெரியவேண்டும். ஒன்று மிகையாகத் தெரிந்தால் உங்கள் திரையின் நிறச் சமநிலையைச் சரிபாருங்கள்.